அலுவலக டெலிபோன் காப்பரிலிருந்து ஃபைபருக்கு: லைனோடு சேர்ந்து என்னென்ன மாறுகிறது?

இருபது வருடத்துக்கு மேல் நடக்கும் எந்த அலுவலகத்துக்குள் போனாலும் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி மாட்டியிருக்கும். ஈரோட்டு ஜவுளி மொத்தக்கடை, சிவகாசி அச்சகம், நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ், ஊருக்கு ஊர் இருக்கும் நர்சிங் ஹோம் எல்லாவற்றிலும் அதே இபிஏபிஎக்ஸ், அதாவது வெளி லைன்களை உள்ளே இருக்கும் போன்களோடு இணைக்கும் பெட்டி. வெளியிலிருந்து நான்கைந்து பிஎஸ்என்எல் லைன் உள்ளே வரும். உள்ளிருந்து இருபது முப்பது எக்ஸ்டென்ஷன் அறை அறையாகப் பிரியும். அந்த அலுவலகங்களுக்கு இப்போது வரும் சேதி ஒன்றுதான்: காப்பர் லைன் இனித் தேறாது, ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மாறத்தான் வேண்டும். ஆனால் "மோடத்தை மாட்டி, பழைய ஒயரை எடுத்து அதில் குத்தினால் வேலை முடிந்தது" என்று சொல்லிப் போகிறவர்களின் பேச்சை அப்படியே நம்பி இறங்கிய அலுவலகங்கள் மறுநாள் காலையிலேயே திணறுகின்றன. கால் வருகிறது, நம்பர் காட்டவில்லை. பேசி வைத்த பிறகும் லைன் விடுபடவில்லை. ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது. கரன்ட் போனதும் மொத்த அலுவலகமும் வாயடைத்துப் போகிறது. இவை தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். காப்பர் லைன் பேச்சோடு சேர்த்து இன்னும் பல வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அவற்றைத் தூரத்திலிருந்த எக்ஸ்சேஞ்ச் கவனித்துக்கொண்டது. ஃபைபர் வந்ததும் அந்தப் பொறுப்பெல்லாம் உங்கள் சுவரில் தொங்கும் மோடத்தின் மேல் வந்து விழுகிறது.

காப்பர் ஏன் இந்த நிலைக்கு வந்தது என்று முதலில் பார்க்கலாம். இந்தியாவில் 2006 வாக்கில் 4 கோடியைத் தாண்டியிருந்த லேண்ட்லைன் இணைப்புகள் 2020-ல் ஏறக்குறைய 2 கோடியாகச் சரிந்தன. மொபைல் வந்ததும் வீடுகள் லேண்ட்லைனைக் கைவிட்டன. வருமானம் குறைந்ததும் பராமரிப்பு குறைந்தது. 2020 ஜனவரி 31-ம் தேதி ஒரே நாளில் சுமார் 78,000 பிஎஸ்என்எல் ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எந்தத் தெருவில், எந்த பில்லரில் (தெருவோர இணைப்புப் பெட்டியில்), எத்தனையாவது ஜோடியில் உங்கள் லைன் ஓடுகிறது என்று மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன்களில் பலர் அவர்களோடு போய்விட்டார்கள். சாலை விரிவாக்கத்திலும் குடிநீர்க் குழாய்ப் பணியிலும் ஜேசிபி வெட்டிய கேபிளில் நூற்றுக்கணக்கான ஜோடிகளை நிறம் பார்த்து ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். அதற்குப் பொறுமையும் அனுபவமும் உள்ள கைகள் இப்போது அரிது. மழைக்காலத்தில் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கி லைன் கரகரத்தால், "ஃபைபர் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதில். 2020-க்குப் பிறகு லேண்ட்லைன் எண்ணிக்கை மறுபடி ஏறி 3 கோடியைத் தாண்டியிருக்கிறது. அந்த ஏற்றம் ஃபைபரால் வந்தது.

இனி காப்பர் செய்த வேலைக்கு வருவோம். எக்ஸ்சேஞ்சில் வரிசையாக நிற்கும் பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் டிசி இரண்டு மெல்லிய கம்பிகளில் உங்கள் மேசை வரை வந்தது. ரிசீவரைத் தூக்கினால் சர்க்யூட் மூடி சில பத்து மில்லி ஆம்பியர் ஓடும். அதை வைத்தே எக்ஸ்சேஞ்ச் புரிந்துகொண்டு டயல் டோன் தரும். கால் வந்தால் அதே கம்பியில் 75 வோல்ட் அளவில் ஏசி வந்து மணி அடிக்கும். அழைப்பவரின் நம்பரும் அதே கம்பியில்தான் வந்தது. எதிர்முனை போனை வைத்துவிட்டதும் "டூ...டூ..." என்று பிஸி டோன் வரும். அதைக் கேட்டுத்தான் இபிஏபிஎக்ஸ் லைனை விடுவித்தது. மின்சாரம், மணி, நம்பர், பேச்சு, முடிவு எல்லாம் ஒரே ஜோடிக் கம்பியில்.

கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. ஆகவே மேலே சொன்ன ஒவ்வொன்றையும் உங்கள் இடத்திலேயே புதிதாக உருவாக்க வேண்டும். நாம் மோடம் என்று சொல்லும் ஓஎன்டி பெட்டிதான் அதைச் செய்கிறது. பெரும்பாலான ஓஎன்டிகளின் பின்பக்கம் சிறிய டெலிபோன் சாக்கெட் ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்தச் சாக்கெட் ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். 48 வோல்ட், டயல் டோன், மணி எல்லாவற்றையும் அதுவே தயாரிக்கிறது.

மாறுவதற்கு வழிகள் மூன்று. முதல் வழி, ஓஎன்டியின் டெலிபோன் சாக்கெட்டிலிருந்து ஒயர் எடுத்துப் பழைய இபிஏபிஎக்ஸின் டிரங்க் போர்ட்டில், அதாவது வெளி லைன் நுழையும் இடத்தில், கொடுப்பது. ஒன்றிரண்டு லைன் வைத்திருக்கும் சிறு அலுவலகத்துக்கு இதுவே போதும், செலவும் குறைவு. இரண்டாவது, ஆபரேட்டரிடம் சிப் டிரங்க் (SIP, பல கால்களை டேட்டாவாகக் கொண்டுவரும் லைன்) எடுத்து, அதைப் பழைய லைன் போல மாற்றித் தரும் கேட்வே பெட்டி ஒன்றை நடுவில் வைத்துப் பழைய இபிஏபிஎக்ஸை அப்படியே தொடர்வது. மூன்றாவது, இபிஏபிஎக்ஸையே கழற்றிவிட்டு, கால்களை டேட்டாவாகவே கையாளும் ஐபி பிபிஎக்ஸ் வைப்பது. எட்டு லைனுக்கு மேல் உள்ளவர்கள், பல கால்களை ஒரே இணைப்பில் தரும் பிஆர்ஐ வைத்திருப்பவர்கள் இரண்டாவதையோ மூன்றாவதையோதான் யோசிக்க வேண்டும். இதில் என் கருத்து தெளிவானது: இபிஏபிஎக்ஸ் நல்ல நிலையில் இருந்து, அதற்கு உதிரி கார்டும் சர்வீஸ் செய்ய ஆளும் கிடைக்கும்வரை, லைனையும் இபிஏபிஎக்ஸையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால், கோளாறு வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்கவே நாள் ஓடிவிடும்.

முதல் இரண்டு வழிகளிலும் பெரும்பாலான தொல்லை வருவது ஒரு சின்ன இடத்தில்: பேச்சு முடிந்ததை இபிஏபிஎக்ஸ் எப்படித் தெரிந்துகொள்கிறது? இந்திய எக்ஸ்சேஞ்சுகளின் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலி. முக்கால் நொடி ஒலிக்கும், முக்கால் நொடி நிற்கும். நம் ஊர் இபிஏபிஎக்ஸ்கள் இந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் லைனை வெட்டப் பழகியவை. வெளிநாட்டுத் தயாரிப்பான ஓஎன்டியோ கேட்வேயோ தொழிற்சாலை அமைப்பிலேயே இருந்தால் அமெரிக்க பிஸி டோனைத் தரக்கூடும். அது 480, 620 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டு கலந்து அரை நொடி ஒலித்து அரை நொடி நிற்கும். இபிஏபிஎக்ஸுக்கு அது புரியாது. வாடிக்கையாளர் போனை வைத்துவிட்டார், ஆனால் டிரங்க் இன்னும் பிடிபட்டே இருக்கிறது. குறிப்பாக ஆட்டோ அட்டெண்டன்ட் (பதிவுக் குரலில் தானே பதில் சொல்லும் வசதி) எடுத்த கால்களில் இப்படி நேரும், ஏனென்றால் அந்தப் பக்கம் ரிசீவரை வைக்க மனிதர் இல்லை. இரண்டு லைன் இப்படித் தொங்கினால் போதும், வெளியிலிருந்து அழைப்பவருக்கு நாள் முழுக்க எங்கேஜ்டு. சாதனத்தின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றுவதோ, டோன் மதிப்புகளைக் கையால் இடுவதோ ஐந்து நிமிட வேலை. தெரியாதவர்கள் இதற்காக இபிஏபிஎக்ஸ் கார்டையே மாற்றச் சொல்லிவிடுவார்கள்.

நம்பர் காட்டாத பிரச்சினையும் இதே வகைதான். அழைப்பவர் நம்பரை மணி அடிப்பதற்கு முன்பே டிடிஎம்எஃப் ஒலிகளாக (போன் பட்டனை அழுத்தும்போது கேட்கும் ஒலிகள்) அனுப்பும் முறை ஒன்று. முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவே எஃப்எஸ்கே என்ற டேட்டா சிக்னலாக அனுப்பும் முறை இன்னொன்று. இபிஏபிஎக்ஸ் ஒன்றை எதிர்பார்த்து, மோடம் மற்றொன்றை அனுப்பினால் திரை வெறுமையாகவே இருக்கும். அறைக்கு அறை போன் பில் போடும் லாட்ஜ், மருத்துவமனைகளில் இன்னும் ஒன்று உண்டு. எதிர்முனை போனை எடுத்ததும் லைனின் துருவம் மாறும். அதை வைத்துத்தான் பில்லிங் மென்பொருள் நேரம் கணக்கிட ஆரம்பிக்கும். ஓஎன்டியில் அந்த வசதி அணைந்திருந்தால் எடுக்காத காலுக்கும் பில் வரும். பழைய பல்ஸ் டயலிங்கில் (எண்ணைத் துடிப்புகளாக அனுப்பும் முறையில்) விட்டுவைத்த டிரங்க் போர்ட் இருந்தால் டோனுக்கு மாற்றிவிடுங்கள்.

நம்பர் விஷயத்துக்கு வருவோம். வியாபாரிக்கு இதுதான் உயிர்நாடி. கடைப் பலகையில், பில் புக்கில், சாக்குப் பையில், காலண்டரில் அச்சிட்ட நம்பர் தலைமுறை தாண்டி வந்திருக்கும். மொபைலில் நம்பர் மாறாமல் கம்பெனி மாற 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க வசதி இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அப்படிக் கிடையாது. பிஎஸ்என்எல் காப்பரிலிருந்து பிஎஸ்என்எல் ஃபைபருக்கு மாறும்போது அதே நம்பரைத் தக்கவைக்க வழி இருக்கிறது. தனியார் கம்பெனிக்குப் போனால் புது நம்பர்தான். எனவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு முடிவு செய்ய வேண்டியது இது. பலர் செய்வது போல, அச்சிட்ட நம்பர் உள்ள லைனை மட்டும் பிஎஸ்என்எல் ஃபைபரில் வைத்துக்கொண்டு, வெளியே பேசுவதற்கு வேறு கம்பெனியின் சிப் டிரங்க் எடுப்பது நல்ல ஏற்பாடு. ஒன்று படுத்தாலும் மற்றது இருக்கும்.

ஹன்டிங் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே நம்பருக்கு ஐந்து பேர் ஒரே நேரத்தில் அழைத்தாலும் அடுத்தடுத்த லைனுக்குத் தாவும் அந்த ஏற்பாடு எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது, உங்கள் பெட்டியில் இல்லை. ஐந்து லைனில் இரண்டை மட்டும் ஃபைபருக்கு மாற்றினால் குழு உடைந்துபோகலாம். முதல் லைன் பிஸியாக இருக்கும்போது வரும் கால் எங்கும் போகாமல் எங்கேஜ்டு விழும், அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. மாற்றுவதற்கு விண்ணப்பிக்கும்போதே ஹன்டிங் குழுவின் எல்லா நம்பர்களையும் எழுதிக் கொடுத்து, அதே வரிசையில் மறுபடி அமைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சிப் டிரங்குக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒரே நம்பரில் எத்தனை சேனல் வாங்குகிறீர்களோ அத்தனை கால் ஒரே நேரத்தில் வரும்.

அடுத்தது கரன்ட். எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருந்ததால், தெருவே இருட்டில் இருந்தபோதும் லேண்ட்லைன் பேசியது. தமிழ்நாடு பல மணி நேர மின்வெட்டில் தவித்த வருடங்களில் இதை எல்லோரும் அனுபவித்தோம். இபிஏபிஎக்ஸுக்குக் கரன்ட் இல்லாவிட்டாலும் ஒரு டிரங்கை நேரே ஒரு போனோடு இணைத்துவிடும் ஏற்பாடு பல மாடல்களில் உண்டு. ஃபைபரில் அந்தக் காலம் முடிந்தது. ஓஎன்டி 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. அடாப்டர் அணைந்தால் போனும் அணைந்தது.

கணக்கு எளிது. ஓஎன்டி சுமார் 10 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருக்கும் 84 வாட்-அவர் ஏட்டுக்கணக்கில் எட்டு மணி நேரம் வரும். நடைமுறையில் ஐந்தாறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர்களோடு ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டினால் அந்தக் கணக்கு அரை மணியில் முடிந்துவிடும். ஆகவே ஓஎன்டி, இபிஏபிஎக்ஸ், கேட்வே மூன்றுக்கும் தனி யுபிஎஸ் வையுங்கள். அதோடு முடியவில்லை. ஃபைபர் வழியில் ஒளியைப் பல இணைப்புகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரன்ட் தேவையில்லை, அது வெறும் கண்ணாடி. ஆனால் மறுமுனையில், ஆபரேட்டர் பக்கம் ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டிக்குத் தேவை. அது எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் இருந்தால் பேட்டரி, ஜெனரேட்டர் பாதுகாப்பு இருக்கும். பல ஊர்களில் ஃபைபர் இணைப்பு உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டர் வழியாக வருவதால் ஓஎல்டி அவருடைய மாடி அறையில் இருக்கும். "உங்கள் ஓஎல்டி எங்கே இருக்கிறது, அதற்கு எத்தனை மணி நேர பேக்கப்?" என்ற கேள்வியை இணைப்பு வாங்கும் முன் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்து பலர் வேகத்தை மட்டுமே கேட்கிறார்கள்.

வேகம் உண்மையில் கடைசிக் கவலை. குரலை டேட்டாவாக்கும் ஜி.711 முறையில் ஒரு காலுக்கு ஒவ்வொரு திசையிலும் 87 கிலோபிட் அளவு போதும். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தொடாது. பேச்சைக் கெடுப்பது தாமதமும், குரல் சீரற்ற இடைவெளியில் வந்து சேர்வதும். குரல் 20 மில்லி நொடித் துண்டுகளாக, நொடிக்கு 50 பாக்கெட்டாகப் போகிறது. ஒரு திசையில் 150 மில்லி நொடிக்குள் தாமதம் இருந்தால் பேசுவதற்கு இடைஞ்சல் இருக்காது. அலுவலகத்தில் யாரோ பெரிய டிசைன் ஃபைலை மேலேற்றும்போது குரல் அறுந்தால், ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரவில்லை என்று பொருள். ஆபரேட்டர் சிப் டிரங்குக்கென்றே தனி விலேன் (ஒரே ஒயரில் பிரித்துவைத்த தனிப் பாதை) கொடுத்தால் அதை இன்டர்நெட்டோடு கலக்காமல் வைத்திருங்கள். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டரில் இருக்கும் சிப் ஏஎல்ஜி என்ற அமைப்பு. உதவுவதற்காக வைத்த அது பெரும்பாலும் கெடுக்கிறது, அணைத்துவிடுங்கள்.

பாதுகாப்பும் காப்பர் காலத்தில் இல்லாத விதத்தில் வருகிறது. முன்பு உங்கள் லைனைத் திருட, லைன்கள் பிரியும் டிபி பாக்ஸ் வரை ஆள் வர வேண்டும். இப்போது இன்டர்நெட்டில் சிப் கால்கள் பயன்படுத்தும் 5060 என்ற போர்ட்டைத் தேடி அலையும் நிரல்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. எக்ஸ்டென்ஷன் 201-க்குப் பாஸ்வேர்டும் 201 என்று வைத்த ஐபி பிபிஎக்ஸ் கிடைத்தால், சனிக்கிழமை இரவு தொடங்கித் திங்கள் காலைக்குள் ஐஎஸ்டி பில் லட்சத்தைத் தொடலாம். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் ஆபரேட்டரிடமே பூட்டச் சொல்லுங்கள். பெட்டியில் பூட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

கண்ணாடி இழையைக் கையாள்வதும் தனிப் பழக்கம். காப்பர் ஒயரை மடக்கி மேசை இடுக்கில் செருகலாம், ஆணியில் சுற்றலாம். ஃபைபர் பேட்ச் கார்டைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். மோடத்தில் லாஸ் என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பவர் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது, ஒளியின் வலிமை சாதாரண ஓஎன்டிக்கு மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போகக் கூடாது. மைனஸ் 25-ஐ ஒட்டி இருந்தாலே அடுத்த ஸ்பிளைஸிலோ (இழையை ஒட்டும் இடத்திலோ) அடுத்த மழையிலோ அது விழுந்துவிடும். இணைக்க வரும்போதே அந்த எண்ணைக் கேட்டு, சுவரில் மோடத்துக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். பச்சையின் முனை சாய்வாகத் தேய்த்தது. நீலத்தோடு இணைத்தால் உள்ளே போகும், ஆனால் முகங்கள் சரியாகப் பொருந்தாமல் ஒளி வீணாகும். இத்தனைக்கும் நடுவே ஒரு பெரிய நிம்மதி உண்டு. வெளியிலிருந்து வரும் லைன் வழியாக இடி மின்னல் உள்ளே இறங்கி டிரங்க் கார்டு எரிவது ஃபைபரில் இல்லை.

கட்டடத்துக்கு உள்ளே ஓடும் எக்ஸ்டென்ஷன் ஒயர்களை அவசரப்பட்டு இழுத்துப் போடாதீர்கள். உள் ஒயர்கள் பிரியும் குரோன் பெட்டியிலிருந்து அறைகளுக்குப் போகும் ஜோடிகள் காய்ந்த சுவருக்குள் இன்னும் பல வருடம் உழைக்கும். ஐபி போன் வேண்டுமென்றால் மேசைக்கு மேசை கேட்5 கேபிளும் பவர் தரும் ஸ்விட்சும் வேண்டும். ரிசப்ஷன், முதலாளி, கணக்குப் பிரிவுக்கு மட்டும் ஐபி போன் வைத்து, குடோனுக்கும் செக்யூரிட்டி அறைக்கும் பழைய போனையே விட்டுவைப்பது கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

லைன்களை மாற்றும் முன் ஒவ்வொன்றையும் அதன் மறுமுனை வரை தேடிப்போய்ப் பாருங்கள். இபிஏபிஎக்ஸுக்கு வராமல் நேராக எங்கோ போகும் ஒரு ஜோடி ஏதாவது இருக்கும். அது லிஃப்ட்டுக்குள் இருக்கும் அபாய போனாக இருக்கலாம், திருட்டு அலாரத்தின் டயலராக, ஃபயர் பேனலாக, பழைய ஃபேக்ஸாக இருக்கலாம். பிரிட்டனில் பழைய டெலிபோன் வலையமைப்பை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்தார்கள். தனியே வாழும் முதியவர்களின் அபாய பட்டன் கருவிகள் சில லைன் மாறியபின் வேலை செய்யாமல் போனதால், 2023 இறுதியில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். மூடும் தேதி 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அத்தனை பெரிய ஏற்பாட்டிலேயே தவறிய இடம் இது. லிஃப்ட் போனை ஃபைபரில் வைப்பதானால் அதற்கான பேட்டரியைத் தனியாகக் கவனியுங்கள், அல்லது சிம் உள்ள அபாய போனாக மாற்றுங்கள். ஃபேக்ஸ் தவிர்க்கவே முடியாது என்றால் ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறையை ஆபரேட்டர் தருகிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஜி.711-ல் வேகத்தை 9600-க்குக் குறைத்து முயலலாம்.

கிளைகள் உள்ள நிறுவனங்கள் சென்னையில் ஒரே சிப் டிரங்க் வைத்து திருநெல்வேலிக் கிளையையும் அதிலேயே இணைக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திருநெல்வேலியில் யாராவது 101 அடித்தால் கால் சென்னையின் தீயணைப்பு நிலையத்துக்குப் போகக்கூடும். குறுகிய அவசர எண்களுக்கு ஒவ்வொரு கிளையிலும் உள்ளூர் லைன் ஒன்று இருக்க வேண்டும்.

மாற்றும் நாளை வியாபாரம் மந்தமான நாளாகப் பார்த்து வையுங்கள். சிவகாசியில் காலண்டர் சீசனிலோ, ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முந்திய மாதத்திலோ தொடவே வேண்டாம். முதலில் முக்கியமில்லாத ஒரு லைனை மட்டும் மாற்றி இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். உள்ளூர் லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் அடித்துப் பாருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும், பழைய ஸ்பீடு டயல் பட்டியல்களில் இன்னும் அது இல்லாத எண்கள் கிடக்கும். வெளியிலிருந்து அடித்து ஆட்டோ அட்டெண்டன்ட் எடுத்ததும் வைத்துவிட்டு, டிரங்க் விளக்கு எத்தனை நொடியில் அணைகிறது என்று பாருங்கள். ஒரே நம்பருக்கு மூன்று மொபைலிலிருந்து ஒரே நேரத்தில் அடியுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மற்ற லைன்களையும் சேர்த்து மாற்றலாம். அவை ஒரு பில் காலம் முழுக்கப் பிழையில்லாமல் ஓடியபின், இன்னும் காப்பரில் மிச்சமிருக்கும் தேவையற்ற லைன்களுக்கு சரண்டர் கடிதத்தைக் கொடுங்கள். பழைய டெபாசிட் ரசீதின் நகலை அதோடு இணையுங்கள், திரும்ப வர வேண்டிய தொகை அதில்தான் இருக்கிறது.